வெஜ் பர்கரா, தோசையா? கோழி விற்பனையை எது குறைக்கும்?

கொழும்பில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: "அண்ணா, ஒபிஸ் முடிஞ்சு வெள்ளிக்கிழமையில எல்லாரும் ஃப்ரைட் சிக்கன் கடைக்குத்தான் போறம். நான் மட்டும் அங்க வெஜ் பர்கர் எடுக்கிறன். இதால ஒரு கோழியாவது தப்புமா, இல்ல கடைக்காரனுக்குத்தான் லாபமா?"

இதே கேள்வியை வேறு வேறு ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து மச்சம் தொடாதவர்களும் கேட்டார்கள். வாரத்தில் நாலு நாள் கோழி சாப்பிட்டுவிட்டு இப்போது குறைக்கப் பார்க்கிறவர்களும் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

இறைச்சி சாப்பிடுவது சரியா பிழையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. இறைச்சிக்கான கேள்வி, அதாவது சந்தைத் தேவை, குறைய வேண்டும் என்று நீங்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலாவதும் முக்கியமானதும்: எதற்குப் பதிலாக? நீங்கள் வாங்கிய வெஜ் பர்கர் ஒரு சிக்கன் பர்கரின் இடத்தைப் பிடித்ததா, வீட்டில் இருந்த இடியப்பத்தின் இடத்தைப் பிடித்ததா? இடியப்பத்தின் இடம் என்றால் கோழிக் கணக்கில் எதுவும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் சைவமாக இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அன்றைக்கு நீங்கள் எப்படியும் கோழி சாப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

இரண்டாவது: யாருடைய கணக்கில் பதிகிறது? நீங்கள் வாங்கியது அடுத்த ஓடர் போடுகிறவரின் கண்ணில் படுகிறதா?

மூன்றாவது: கூட வந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? தட்டை மட்டும் பார்க்காமல் மேசையைப் பார்க்க வேண்டும்.

நாலாவது: மறைந்த செலவு. காசு ஒரு பக்கம். எண்ணெய், முட்டை, சீஸ் இன்னொரு பக்கம்.

## ஒரு ஆள் விட்டால் உண்மையில் குறையுமா?

தெரிவுகளுக்குப் போகுமுன் இதைத் தீர்த்துவிட வேண்டும். "நான் ஒருத்தன் வாங்காட்டி என்ன, கடை அதே பெட்டியைத்தானே இறக்கும்" என்று சொல்பவர்கள் நிறைய.

கடை கோழியைத் துண்டு துண்டாக எடுப்பதில்லை என்பது உண்மைதான். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஷெல்லி கேகன் 2011-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு 25 கோழி உள்ள பெட்டியை உதாரணம் காட்டுகிறார். 25 கோழி விற்றதும் கடைக்காரர் அடுத்த பெட்டிக்குச் சொல்கிறார். நீங்கள் ஒன்றை வாங்காமல் விட்டால் பெரும்பாலும் எதுவும் மாறாது. ஆனால் 25-இல் ஒரு தடவை, பெட்டியைத் தட்டிவிடும் அந்தக் கடைசிக் கோழி உங்களுடையதாக இருக்கும். அப்போது மாறுவது 25 கோழி. சராசரி பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று.

கேட்க நன்றாக இருக்கிறது. மார்க் புடொல்ஃப்சன் என்ற இன்னொரு தத்துவவாதி இதை மறுத்தார். பண்ணையிலிருந்து தட்டு வரைக்கும் வழி நெடுகச் சேமிப்பும் கழிவும் இருக்கின்றன, உங்கள் ஒரு கோழி அந்த மெத்தைக்குள் காணாமல் போய்விடும் என்பது அவர் வாதம். இரவு கடை மூடும் நேரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மிஞ்சிக் கிடக்கும் துண்டுகளைப் பார்த்தவர்களுக்கு அவர் சொல்வது உடனே விளங்கும்.

நான் நடுவில் நிற்கிறேன், கொஞ்சம் கேகன் பக்கம் சாய்ந்து. தெருவோரக் கடைக்காரர் கண்மட்டத்தில்தான் ஓடர் போடுகிறார். பெரிய ஃபாஸ்ட் ஃபூட் நிறுவனங்கள் அப்படியில்லை. காசாளர் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் கணினியில் ஏறுகிறது. எந்தக் கிளையில், எத்தனை மணிக்கு, எது எத்தனை போனது என்பது தலைமையகத்துக்குத் தெரியும். மிகக் குறைந்த விற்பனையையும் கவனிக்கக்கூடிய கடை இதுதான்.

விலையின் வேலையும் இருக்கிறது. நீங்கள் வாங்காமல் விட்டால் கோழி விலை ஒரு மயிரிழை இறங்கும், அதனால் வேறொருவர் கொஞ்சம் கூட வாங்குவார். பெய்லி நோர்வூட், ஜேசன் லஸ்க் என்ற இரு விவசாயப் பொருளியலாளர்கள் 2011-இல் வந்த தங்கள் நூலில் இதைக் கணக்கிட்டார்கள். ஒருவர் ஒரு கிலோ கோழியை விட்டால் உற்பத்தி சுமார் 0.76 கிலோ குறையும். மாட்டிறைச்சி என்றால் 0.68, முட்டை என்றால் 0.91. இது அமெரிக்கச் சந்தைக் கணக்கு. இலங்கைக்கு அப்படியே ஒட்டாது, ஆனால் பாதை இதுதான். அத்துடன் புரொய்லர் கோழி ஐந்தாறு கிழமையில் வளர்ந்துவிடும். கேள்வி குறைந்தால் பண்ணைக்காரர் அடுத்த தொகுதியில் குஞ்சைக் குறைத்து இறக்குகிறார். மாட்டுப் பண்ணையில் இதற்கு வருடக்கணக்கு ஆகும்.

சரி, கையில் கிடைக்கும் எண் எவ்வளவு? ஒரு பர்கரில் நூறு கிராம் கோழி என்று வைப்போம். கிழமைக்கு ஒன்று விட்டால் வருடத்தில் ஐந்து கிலோ, மேலே சொன்ன 0.76-ஐப் போட்டால் நாலு கிலோ. எலும்பை விட்டுப் பார்த்தால் மூன்று நாலு கோழி.

## தெரிவு 1: அதே கடை, வெஜ் பர்கர்

நீங்கள் கோழி சாப்பிடுகிறவர், இன்றைக்கு அதற்குப் பதிலாக மரக்கறி எடுக்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன கணக்கு முழுதாக உங்களுக்கு வேலை செய்யும். அமெரிக்காவில் பேர்கர் கிங் 2019 ஓகஸ்டில் நாடு முழுக்கத் தாவர இறைச்சியில் செய்த இம்பொசிபிள் வொப்பர் பர்கரை இறக்கியதும் சைவக்காரரை மட்டும் குறிவைத்தல்ல. மாட்டிறைச்சி பர்கர் சாப்பிடுகிறவர்தான் அதன் வாடிக்கையாளர். அதே மாதம் கே.எஃப்.சி அட்லான்டாவில் ஒரு கிளையில் தாவரக் 'கோழி'யை விற்றுப் பார்த்தது. ஐந்து மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது.

கேட்பார் இல்லையென்றால் பட்டியலிலிருந்து போய்விடும் என்பதற்கும் சாட்சி உண்டு. மக்டொனால்ட்ஸ் 2021 நவம்பரில் அமெரிக்காவில் எட்டுக் கடைகளில் மக்பிளான்ட் என்ற தாவரப் பர்கரை விற்றுப் பார்த்தது. 2022 பெப்ரவரியில் சுமார் 600 கடைகளுக்கு அதை விரித்தது. 2024 ஜூனில் அமெரிக்கப் பிரிவின் தலைவர் அந்தப் பரிசோதனை வெற்றிபெறவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். வாங்கினதும் வாங்காததும் இரண்டும் கணக்கில் ஏறியிருக்கின்றன.

பட்டியலில் எத்தனை மரக்கறிச் சாப்பாடு இருக்கிறது என்பதற்கும் பெரிய பலன் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலைகளில் 94,644 சாப்பாடுகளை வைத்து ஒரு ஆய்வு நடந்து 2019-இல் வெளியானது. நாலில் ஒன்றாக இருந்த மரக்கறித் தெரிவை நாலில் இரண்டாக்கியபோது மரக்கறி விற்பனை 41 முதல் 79 வீதம் வரை கூடியது. மத்தியானம் மரக்கறி சாப்பிட்டவர்கள் இரவில் இறைச்சியால் ஈடுகட்டினார்கள் என்பதற்குப் பெரிதாகச் சான்று கிடைக்கவில்லை. ஆக, ஒரு வெஜ் பர்கர் பட்டியலில் நிலைத்து நிற்க நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ஓடரும், உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் கோழிக்காரருக்கும் ஒரு கதவைத் திறந்து வைக்கிறது.

இப்போது கசப்பான பக்கம். காலி வீதியில் ஒரு கடையில் போன மழைக்காலத்தில் நின்றேன். வெஜ் பர்கர் கேட்டதும் கவுண்டரில் இருந்த பையன் திரும்பி உள்ளே கேட்டான், உள்ளேயிருந்து "பத்து நிமிஷம்" என்று பதில் வந்தது. கோழி உடனே கிடைக்கும், பன்னுக்குள் வைக்கும் மரக்கறி பட்டி உறைந்தபடி கிடந்து அப்போதுதான் எண்ணெய்க்குள் போகிறது. அந்த எண்ணெய்ச் சட்டியில் ஐந்து நிமிடத்துக்கு முன் கோழி பொரிந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பன்னுக்குள் பூசியது முட்டை மயோனிஸ். விலை சிக்கன் பர்கரை ஒட்டித்தான். கோழியைக் குறைக்கப் பார்க்கிறவருக்கு இதெல்லாம் பரவாயில்லை. விரதக்காரருக்கு அன்றைய விரதமே போச்சு.

இது நமக்கு மட்டும் நடப்பதல்ல. மக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் தன் உருளைக்கிழங்குப் பொரியலில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்த்ததற்காகச் சைவக்காரரும் இந்துக்களும் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு 2002-இல் ஒரு கோடி டொலருக்கு இணங்கியது. இந்தியாவில் அதே நிறுவனம் மரக்கறிச் சமையலைத் தனியாக வைத்திருக்கிறது, மயோனிஸில் முட்டை இல்லை. அதைப் பார்த்துப் பழகிவிட்டுக் கொழும்பிலும் அப்படித்தான் என்று நம்பிப் போகாதீர்கள். கேளுங்கள்.

சீஸ் இன்னொரு பொறி. கோழிப் பீட்சாவை விட்டு இரட்டைச் சீஸ் பீட்சா எடுத்தால் கோழிக்கு நல்லது, சுற்றாடலுக்கு அவ்வளவு நல்லதில்லை. பூர், நெமெசெக் இருவரும் 2018-இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வின்படி ஒரு கிலோ சீஸுக்குப் பின்னால் சுமார் 24 கிலோ பசுமைக்குடில் வாயு இருக்கிறது, கோழிக்குச் சுமார் 10. இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டுக்கு நூறு அளவில். உங்கள் காரணம் உயிரா, சுவாத்தியமா (காலநிலையா) என்பதைப் பொறுத்து விடை மாறும்.

பிறப்பிலேயே சைவமான ஒருவருக்கு இந்தத் தெரிவில் ஒரு முள் இருக்கிறது. உணவகத் தொழிலில் பழைய கணக்கொன்று உண்டு: ஆறு பேரில் ஒருவர் "எனக்கு அங்க ஒண்டும் இல்ல" என்றால் ஆறு பேரும் வேறு கடைக்குப் போவார்கள். வீட்டோ வாக்கு என்பார்கள். பட்டியலில் ஒரேயொரு வெஜ் பர்கர் இருப்பது அந்த வாக்கை வாங்கத்தான். நீங்கள் வாயைத் திறக்காமல் வெஜ் பர்கரோடு உட்காருகிறீர்கள், மேசை நடுவில் வாளி வாளியாகக் கோழி வந்து இறங்குகிறது. உங்கள் பர்கர் கோழியைக் குறைத்ததா, அழைத்து வந்ததா?

## தெரிவு 2: சைவக் கடை

பம்பலப்பிட்டியில் சரஸ்வதி லொட்ஜ், ஷ்ரபரி கார்டன்ஸில் கிரீன்லண்ட்ஸ், ஹவ்லொக் வீதியில் சாந்தி விகார் என்று பழைய பெயர்கள் உண்டு. வெள்ளவத்தையில் மூலைக்கு மூலை. இந்தச் சமையலறைகள் கோழி வாங்குவதே இல்லை, ஆகவே உங்கள் காசு கோழிப் பெட்டிக்குப் போகாது.

அதற்காக உடனே கைதட்ட வேண்டாம். சைவக்காரர் தனியாகப் போய் இரண்டு தோசை சாப்பிட்டால் கோழிக் கேள்வி ஒரு இம்மியும் குறையவில்லை. அவர் முதலிலேயே கோழிச் சந்தையில் இல்லை. கோழி சாப்பிடுகிற ஐந்து பேரை அவர் இழுத்துக்கொண்டு போனால்தான் கணக்கு ஓடும். அன்றிரவு ஐந்து கோழிச் சாப்பாடு விற்கவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு வெஜ் பர்கர் வாங்குவதைவிட இது ஐந்து மடங்கு.

இழுப்பது எளிது என்று சொல்லவில்லை. ஆனால் நம் சைவக் கடைகளிடம் ஒரு தந்திரம் இருக்கிறது: உட்கார்ந்த உடனே தட்டு நிறைய வடை, ரோல்ஸ், போண்டா கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவார்கள். சாப்பிட்டதை எண்ணித்தான் பில். "எனக்கு மரக்கறி பிடிக்காது" என்று சொல்லிக்கொண்டு வந்தவர் பேச்சோடு பேச்சாக மூன்று உளுந்து வடையை முடித்திருப்பார். உறைந்த பட்டிக்குப் பத்து நிமிடம் காத்திருப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறைந்த செலவு இங்கேயும் இருக்கிறது. குளிரூட்டி எல்லா இடத்திலும் இல்லை. வெள்ளி மாலையில் இடம் கிடைக்காது, காலி வீதியில் வண்டி நிறுத்த இடம் அதைவிடக் கிடைக்காது. பிறந்தநாள் பாட்டுக்கும் பலூனுக்கும் வசதி குறைவு, பிள்ளைகள் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். அப்புறம் ஒன்று: நீங்கள் ஃபாஸ்ட் ஃபூட் கடைக்குப் போகாமல் விட்டது அந்தக் கடையின் கணினியில் எங்கேயும் பதியாது. வராத ஆளுக்குப் பொத்தான் இல்லை.

## தெரிவு 3: இறைச்சி வகையை மாற்றுவது

"மாட்டை விட்டாச்சு, இப்ப கோழிதான்" என்று பெருமையாகச் சொல்பவர்களுக்காக மட்டும் இந்தப் பகுதி. சுவாத்தியக் கணக்கில் இது நல்ல மாற்றம், எண்கள் மேலே இருக்கின்றன. உயிர்க் கணக்கில் தலைகீழ். ஒரு மாட்டில் நூறு கிலோவுக்கு மேல் இறைச்சி வரும், ஒரு புரொய்லரில் ஒன்றரைக் கிலோ. அதே நிறையைச் சாப்பிட எழுபது கோழி வேண்டும். உயிருக்காகத்தான் குறைக்கிறீர்கள் என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

## தெரிவு 4: ஓடர் எழுதுகிறவர் ஆவது

எனக்கு மிகவும் பிடித்தது இது, ஆனால் இதை யாரும் ஒரு தெரிவாக எண்ணுவதே இல்லை. கொழும்பில் ஒவ்வொரு ஒபிஸிலும் சாப்பாட்டு லிஸ்ட் எழுதுகிற ஒருவர் இருப்பார். மாத முடிவு, பிறந்தநாள், பிரியாவிடை, எதுவானாலும் வாட்ஸப்பில் அவர்தான் கேட்பார்.

எங்கள் இடத்தில் வழக்கமாக வரும் செய்தி இது: "எல்லாருக்கும் சிக்கன் போடுறன். மரக்கறிக்காரர் கையைத் தூக்குங்கோ." அந்த வேலை ஒரு தடவை என் கையில் வந்தபோது செய்தியை மாற்றினேன்: "எல்லாருக்கும் மரக்கறி. சிக்கன் வேணுமெண்டால் சொல்லுங்கோ." பாதிப் பேர் சிக்கன் சொன்னார்கள், ஒருவர் கொஞ்சம் கோபமாகவே சொன்னார். மற்றப் பாதி ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் சைவக்காரரில்லை, பதில் எழுதச் சோம்பல், அவ்வளவுதான். வந்ததைச் சாப்பிட்டார்கள்.

நாலு அளவுகோலிலும் இது நன்றாக நிற்கிறது. கோழிக்குப் பதிலாகத்தான் போகிறது, பெரிய ஓடராகக் கடையின் கணக்கில் பதிகிறது, மேசை முழுதும் மாறுகிறது. செலவு உங்கள் நல்ல பெயரில் கொஞ்சம். பனீர் பீட்சா எழுதினால் சீஸ் பிரச்சினை திரும்பி வரும், ஆகவே ஃப்ரைட் ரைஸோ பொலொஸ் (பிஞ்சுப் பலா) கறியோடு சோற்றுப் பார்சலோ எழுதுங்கள். யாரையும் ஏமாற்றக் கூடாது, கேட்டவருக்கு முகம் சுளிக்காமல் சிக்கன் எழுத வேண்டும். அதைச் செய்ய முடியாதென்றால் லிஸ்டை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| தெரிவு | கோழிக்குப் பதிலாகப் போகிறதா | கடைக்குத் தெரியுமா | கூட வருபவர் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| வெஜ் பர்கர், கோழி சாப்பிடுபவர் | ஆம் | நன்றாக | மாறமாட்டார்கள் | சீஸ் |
| வெஜ் பர்கர், சைவக்காரர் | இல்லை | நன்றாக | கோழி வாங்குவார்கள் | ஒரே எண்ணெய், முட்டை |
| சைவக் கடை, தனியாக | சைவக்காரருக்கு இல்லை | தெரியாது | யாருமில்லை | இடம், வண்டி |
| சைவக் கடை, கூட்டமாக | ஆம், பலருக்கு | தெரியாது | மாறுகிறார்கள் | கூட்டிப்போகும் பாடு |
| மாட்டிலிருந்து கோழிக்கு | கோழி கூடுகிறது | தெரியும் | மாறமாட்டார்கள் | உயிர்க் கணக்கு |
| ஓடர் எழுதுவது | ஆம், பலருக்கு | பெரிதாக | மாறுகிறார்கள் | மனக்கசப்பு |

## தங்கச்சிக்கு

பதில் எழுதுமுன் ஒரு விஷயம் மட்டும் கேட்டேன்: வெஜ் பர்கர் முடிந்துபோன நாளில் என்ன சாப்பிடுவீர்கள்?

"ஃப்ரைஸ்தான், அண்ணா. நாங்கள் வீட்டில சைவம்."

அப்படியானால் அவருடைய வெஜ் பர்கர் இவ்வளவு நாளும் உருளைக்கிழங்கின் இடத்தைத்தான் பிடித்திருக்கிறது. கோழியைக் குறைக்கப் பார்க்கிற ஒரு நண்பர் அந்தக் கூட்டத்தில் இருந்தால் பர்கரை அவர் எடுக்கட்டும், அவர் கையில்தான் அதற்குப் பலன். தங்கச்சியிடம் இருப்பது வீட்டோ வாக்கு, அதைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னேன். மாதத்தில் ஒரு வெள்ளி போதும், பிரசங்கம் வேண்டாம், "இண்டைக்கு என்ர தெரிவு" என்றால் சரி.

இரண்டு கிழமை கழித்துச் செய்தி வந்தது. கூட வந்த எட்டுப் பேரும் பம்பலப்பிட்டியில் நெய்த் தோசை சாப்பிட்டார்களாம். தட்டில் வைத்த வடை இரண்டு தரம் நிரப்பப்பட்டதாம். அப்புறம் அதில் இரண்டு பேர் "வயிறு நிரம்பேல்ல" என்று சொல்லி நேரே போய் சிக்கன் கொத்து சாப்பிட்டார்களாம்.

எட்டில் இரண்டு போக ஆறு என்று பதில் அனுப்பினேன்.